பேராதனைப் பூங்காவில் வழிகாட்டி எங்கே நிற்கிறார்?

கேள்வி

கண்டியிலிருந்து கொழும்பு வீதியில் ஐந்தரைக் கிலோமீற்றர் வந்தால், மகாவலி கங்கை மூன்று புறமும் வளைந்தோடும் 147 ஏக்கர் நிலத்தில் பேராதனை அரச தாவரவியல் பூங்கா இருக்கிறது. குடும்பமாக வருவோர் பெரும் புல்வெளியில் அமர்ந்து சோற்றுப் பார்சலைப் பிரிக்கிறார்கள். பாடசாலைப் பிள்ளைகள் ஆசிரியருக்குப் பின்னால் வரிசையாகப் போகிறார்கள். தமக்கென்று ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு வருவோர் காண்பது வேறொரு பூங்கா. வழிகாட்டி வாசனைத் திரவியத் தோட்டத்தில் தொடங்குகிறார். கறுவா இலை ஒன்றைக் கசக்கி மூக்கருகே நீட்டுகிறார். சாதிக்காய், கிராம்பு, மிளகு என்று நகர்கிறார். பிறகு ஓர்க்கிட் மனை, ரோயல் பாம் சாலை, விருந்தினராக வந்த அரசரும் தலைவர்களும் நட்ட மரங்கள், இரட்டைத் தேங்காய், ஆற்றங்கரையின் பெருமூங்கில், மர உச்சிகளில் தலைகீழாகத் தொங்கும் வௌவால்கள், கடைசியில் ஆற்றின் மேல் தொங்கு பாலம்.

இந்தத் தனி உலாவின் வரிசை எங்கிருந்து வந்தது? அது எதைக் காட்டுகிறது, எதைக் கடந்துபோகிறது? இன்றைய வழிகாட்டிகள் தாமாக வகுத்துக்கொண்ட வரிசை அல்ல இது. 19ஆம் நூற்றாண்டில் உருவான ஒரு பார்வையின் தொடர்ச்சி என்பது என் கருத்து. அந்தப் பார்வைக்கு மரமும் அதை நட்ட கையும் முக்கியம். செடி எங்கிருந்து வந்தது, வந்தபின் எத்தனை காலம் கேட்பாரற்றுக் கிடந்தது, யார் அதை எங்கே கொண்டுபோனார்கள், அதன் பின்னால் எந்த மனிதர்கள் வந்துசேர்ந்தார்கள் என்ற வரலாறு அதற்கு அகப்படுவதில்லை. அதேவேளை, தாவரவியல் பூங்காக்களைப் பேரரசின் கருவிகளாக மட்டும் வாசிக்கும் ஆய்வுகளும் பேராதனையின் சான்றுகளோடு முற்றாகப் பொருந்தவில்லை.

1821க்கு முன்னும் பின்னும்

பூங்காவின் வழமையான வரலாறு 1371இல் தொடங்குகிறது. மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் பேராதனையில் அவை நடத்தினான் என்பது மரபு. 18ஆம் நூற்றாண்டில் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் இந்த ஆற்று வளைவை அரச தோட்டமாக்கினான். அவன் தம்பி ராஜாதி ராஜசிங்கனும் இதைப் பேணினான். இருவரும் மதுரையிலிருந்து வந்த நாயக்கர் வழியினர். 1815இல் கண்டி பிரித்தானியர் கைக்கு வந்தது. அவர்களுடைய தாவரத் தோட்டம் அதற்கு முன்பே 1810இல் கொழும்பு கொம்பனித் தெருவில் தொடங்கி, 1813இல் களுத்துறைக்கு நகர்ந்திருந்தது. 1821இல் தாவரவியலாளர் அலெக்சாண்டர் மூன் அதைப் பேராதனைக்குக் கொண்டுவந்தார்.

அரச தோட்டம், தாவரத் தோட்டம் என்ற இந்த இரு பகுதிகளையும் எப்படி இணைப்பது என்பதில்தான் விளக்கங்கள் வேறுபடுகின்றன. உலாவில் முதற் பகுதி முன்னுரையாக வருகிறது: மன்னர்கள் உலவிய இடம், பிறகு அறிவியல் வந்தது. வரலாற்றாளர் சுஜித் சிவசுந்தரம் 2013இல் வெளிவந்த நூலில் இதை மறுத்து வாசிக்கிறார். கண்டியின் அரச, விகாரைத் தோட்ட மரபைப் பிரித்தானியர் எடுத்தாண்டனர், அந்த மரபின் மேல்தான் தம் அறிவியலைக் கட்டினர் என்பது அவர் வாதத்தின் சாரம். மூன் 1824இல் அச்சிட்ட இலங்கைத் தாவரப் பட்டியல் இந்த வாதத்துக்கு வலுவான சான்று. அது லின்னேயஸ் முறைப் பெயர்களோடு சிங்களப் பெயர்களையும் தருகிறது. உள்ளூரில் தாவரம் அறிந்தவர்கள் பக்கத்தில் நின்று சொல்லாமல் அப்படியொரு பட்டியல் மூன்றாண்டுகளில் உருவாகியிராது.

ஆனால் தொடர்ச்சியையும் மிகைப்படுத்தக் கூடாது. மூன் 1825இல் இறந்தார். அடுத்த இருபது ஆண்டுகள் பூங்கா பெரிதும் காய்கறித் தோட்டமாகவே பயன்பட்டது. 1844இல் ஜோர்ஜ் கார்டனர் அத்தியட்சராக வந்தபிறகுதான் அது தாவரவியல் நிறுவனமாகத் தலைநிமிர்ந்தது. 1849இல் அவர் இறக்க, த்வைட்ஸ் பொறுப்பேற்று முப்பது ஆண்டுகள் நடத்தினார். 1820களிலும் 1830களிலும் மலைநாட்டின் நிலமும் வாழ்வும் தலைகீழாக மாறிக்கொண்டிருந்தபோது, பேராதனையில் அந்த மாற்றத்தை நடத்தும் வலுக்கொண்ட நிறுவனம் எதுவும் இருக்கவில்லை. பின்வரும் வாதத்துக்கு இது முக்கியமானது.

ஹெக்கலுக்குக் கிடைத்த உலா

பேராதனையின் தனி உலாவுக்கு முன்னோடியான ஒரு நிகழ்வு 1881 இறுதியில் நடந்தது. ஜெர்மனியின் யேனாவிலிருந்து வந்த விலங்கியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் பூங்காப் பணிப்பாளர் ஹென்றி ட்ரைமனின் பங்களாவில் விருந்தினராகத் தங்கினார். அவருக்குப் பூங்காவைக் காட்டியவர் ட்ரைமன்தான். அந்த நாட்களை ஹெக்கல் தம் பயணக் கடிதங்களில் விரிவாக எழுதினார். பின்னர் அவை நூலாகின. நுழைவாயிலில் தரைமேல் பாம்பாகப் புரளும் அத்தி வேர்கள், வாழ்நாளில் ஒரே முறை பூத்து மடியும் தாளிப்பனை, ஆற்றங்கரையின் பெருமூங்கில் என்று அவர் வியந்து நின்ற காட்சிகளை இன்றைய உலாவின் நிறுத்தங்களோடு ஒப்பிட்டால் ஒற்றுமை தெளிவாகவே தெரிகிறது. வெப்ப மண்டலத்தின் வியப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக எதிர்கொள்ளும் இடம் பூங்கா என்ற வடிவம் அங்கே முழுமை பெற்றுவிட்டது.

அதே நூலில் இன்னொரு மனிதரும் வருகிறார். ஹெக்கல் பேராதனையில் இளம் தாவரவியலாளர் மார்ஷல் வார்டைச் சந்தித்தார். கோப்பி இலைநோயை ஆராய்வதற்காக வார்ட் இரண்டாண்டுப் பணியில் அனுப்பப்பட்டிருந்தார். இலையின் அடிப்புறத்தில் மஞ்சள் புள்ளி தோன்றும். அது பெருகிச் செம்மஞ்சள் பொடியாகும். விரலால் தடவினால் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பொடியின் ஒவ்வொரு துகளும் ஒரு வித்தி. ஈரமான இலையில் அது முளைத்து, இலைத்துளை வழியாக உள்ளே நுழைகிறது. இலை உதிர்கிறது, மீண்டும் மீண்டும் இலையுதிர்த்த செடி காய்க்கும் வலு இழக்கிறது. வார்ட் பசைபூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் தொங்கவிட்டு, காற்றில் வரும் வித்திகளைப் பிடித்து நுண்காட்டியில் பார்த்தார். நோயைக் கொண்டுபோவது காற்று என்பதும், இடைவெளியே இல்லாமல் மலை மலையாக ஒரே பயிரை நட்டதுதான் பரவலை இவ்வளவு கொடியதாக்கியது என்பதும் அவர் முடிவுகள்.

ஆக, ஒரே பூங்காவில் ஒரே வாரத்தில் இரண்டு விதமான பார்த்தல் நடந்தன. ஒருவர் மூங்கிலின் உயரத்தை அண்ணாந்து பார்த்தார். மற்றவர் இலையைத் திருப்பிப் பார்த்தார். உலா முதலாமவரின் பார்வையை வரித்துக்கொண்டது. எனக்கு இது வெறும் தற்செயலாகத் தோன்றவில்லை. விருந்தினருக்குக் காட்ட வேண்டியது எது, நிறுவனத்துக்குள் வைத்துப் பேச வேண்டியது எது என்ற பிரிவு அப்போதே நிலைபெற்றிருந்தது. மலைநாட்டின் பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்த ஆண்டு அது என்பதை நினைத்தால், அந்தப் பிரிவின் ஆழம் விளங்கும்.

பிராக்வேயின் வாதம்

தாவரவியல் பூங்காக்கள் அரசியலுக்கு அப்பாற்பட்டவை என்ற எண்ணத்தை உடைத்த நூல்களில் லூசில் பிராக்வே 1979இல் எழுதியது முதன்மையானது. லண்டனின் கியூ பூங்காவை மையமாகக் கொண்ட வலையமைப்பு சிங்கோனா, இறப்பர், கற்றாழை நார் ஆகியவற்றைத் தென், நடு அமெரிக்க நாடுகளிலிருந்து எடுத்து, பிரித்தானியக் குடியேற்ற நாடுகளின் பெருந்தோட்டப் பயிர்களாக மாற்றியது என்று அவர் காட்டினார். விதைகளை இழந்த நாடுகள் சந்தையையும் இழந்தன. ரிச்சர்ட் டிரேட்டன் 2000இல் இதை இன்னும் விரித்தார்: இயற்கையை ஒழுங்காக நிர்வகிக்கத் தெரிந்தவர்களுக்கே நாடாளும் உரிமை உண்டு என்ற கருத்தியலின் கூடமாகப் பூங்காவை வாசித்தார்.

பேராதனைக்கு இவ்வாதம் எவ்வளவு பொருந்தும்? இறப்பர் கதை நேராகப் பொருந்துவதுபோல் தெரிகிறது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலின் தபாஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளைக் கியூவுக்குக் கொண்டுவந்தார். அங்கே முளைத்தவற்றில் 1,900க்கு மேற்பட்ட கன்றுகள் கண்ணாடிப் பேழைகளில் இலங்கைக்குக் கப்பலேறின. அவற்றுக்குப் பேராதனையின் குளிர்ச்சி ஒத்துவராது என்பதால் கம்பஹாவில் ஹெனரத்கொட தோட்டம் அதே ஆண்டில் திறக்கப்பட்டது. சிங்கப்பூருக்கு அடுத்த ஆண்டு போய்ச்சேர்ந்தவை 22 கன்றுகள். பிராக்வே சொல்லும் வலையமைப்பின் இயக்கம் இங்கே துல்லியமாகத் தெரிகிறது.

ஆனால் கன்று வந்து சேர்ந்தபின் என்ன நடந்தது என்பதில்தான் பேராதனையின் சான்றுகள் வேறொன்றைச் சொல்கின்றன.

காத்திருந்த செடிகள்

ஹெனரத்கொட மரங்கள் 1881இல் பூத்தன. விதை கிடைத்தது, பால் எடுக்கும் சோதனைகளும் நடந்தன. ஆயினும் துரைமார் இறப்பரைப் பெருமளவில் நடத் தொடங்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. மிதிவண்டிக்கும் மோட்டார் வாகனத்துக்கும் சக்கரம் வேண்டிய காலம் வந்தபோதுதான் அந்த மரங்களுக்கு விலை வந்தது.

தேயிலை இதைவிட நீண்ட காலம் காத்திருந்தது. 1824இல் சீனத் தேயிலைச் செடி பேராதனைக்கு வந்தது என்பது பூங்கா வரலாறுகளில் நிலைத்த தகவல். 1839இல் அசாம் விதைகளும் வந்தன. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867இல். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தச் செடி பூங்காவில் வெறும் செடியாகவே நின்றது. சிங்கோனாவும் அப்படித்தான். கிளமென்ட்ஸ் மார்க்கமின் தென் அமெரிக்கப் பயணத்தால் கிடைத்த விதைகளை வளர்க்க 1861இல் ஹக்கலையில் தோட்டம் அமைந்தது. தொடக்கத்தில் கன்றுகளை இலவசமாகக் கொடுத்தும் வாங்க ஆளில்லை. கோப்பி வீழ்ந்தபோது எல்லோரும் ஒரேயடியாக நட்டார்கள். 1880களின் நடுவில் மரப்பட்டை ஏற்றுமதி பெருகி, விலை சரிந்து, சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது.

கோப்பியின் கதை இன்னும் தெளிவானது. பூங்காவில் மூன் கோப்பி நட்டது உண்மைதான். ஆனால் பெருந்தோட்டக் கோப்பியைத் தொடக்கிவைத்தவர்கள் கம்பளைப் பக்கம் ஜோர்ஜ் பேர்டும், பூங்காவுக்கு எதிர்க்கரையில் கன்னொறுவையில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸும். வரி விலக்கு, வீதி, மலிவான முடிக்குரிய நிலம் ஆகிய மூன்றும் ஆளுநரின் கையில் இருந்தன. அவரே தோட்ட முதலாளியாகவும் இருந்தார். 1870களின் இறுதியில் கோப்பி ஏறத்தாழ 275,000 ஏக்கரில் பரவியது. இதற்குக் காரணம் நிலக் கொள்கையும் மூலதனமும்; தாவரவியலின் பங்கு மிகச் சிறிது. 1869இல் இலைத்துரு தோன்றியபோது த்வைட்ஸ் நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, பூஞ்சணவியலாளர் பெர்க்லி அந்தப் பூஞ்சணத்தை ஹெமிலீயா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டு விவரித்தார். நோயை அடையாளம் காணப் பூங்காவால் முடிந்தது, தடுக்க முடியவில்லை. ஒரே பயிரை நம்பியிருக்கும் ஆபத்தைப் பற்றிய எச்சரிக்கை, விலை உச்சத்தில் இருந்தவரை யார் காதிலும் விழவில்லை.

ஆகவே பேராதனையைப் பேரரசின் இயந்திரம் என்பதைவிட, பேரரசின் கையிருப்பு என்பதே பொருந்தும். செடிகள் வந்தன, பெயரிடப்பட்டன, உயிரோடு வைக்கப்பட்டன. எப்போது எடுப்பது என்பதைச் சந்தையும் நோயும் ஆளுநரின் கட்டளையும் தீர்மானித்தன. பிராக்வே விதையின் பயணத்தைச் சரியாகவே பின்தொடர்ந்தார். விதை வந்தபின் கிடந்த அந்த இடைவெளியை அவருடைய சட்டகம் போதிய அளவு விளக்கவில்லை. அந்த இடைவெளி முடிந்த ஒவ்வொரு முறையும் உழைப்பாளிகள் தேவைப்பட்டார்கள்.

செடியின் இயல்பும் குடியிருப்பும்

கோப்பி ஆண்டில் சில மாதங்களே பழுக்கும். அறுவடைக் காலத்தில் தென்னிந்தியாவின் மதுரை, திருச்சிராப்பள்ளி, சேலம் மாவட்டங்களிலிருந்து ஆட்கள் கங்காணிகளோடு கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து, கண்டிச் சீமைக்கு வந்தார்கள். வழியில் கொலராவிலும் பட்டினியிலும் இறந்தோர் பலர். கம்பளை, புசல்லாவைப் பக்கம் போனவர்கள் பேராதனையைக் கடந்தே போனார்கள். தெற்கே செல்லும் வீதி அங்கேதான் பிரிகிறது.

தேயிலை அப்படியல்ல. கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்க்கும். ஏழெட்டு நாளுக்கொரு முறை அதே செடிக்கு மீண்டும் போக வேண்டும். பறித்த அன்றே தொழிற்சாலைக்குப் போய்ச்சேர வேண்டும். எனவே ஆட்கள் வந்துபோகும் முறை தேயிலைக்கு ஒவ்வாது. குடும்பங்கள் லயங்களில் தங்கின; விடியற்காலைப் பெரட்டும் கொழுந்துக் கூடையும் ஒரு சமூகத்தின் நாளாந்த ஒழுங்காயின. கோப்பியிலிருந்து தேயிலைக்கு மாறியதே மலையகத் தமிழரை நிலையான குடிகளாக்கியது என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் விளக்கம். வரலாற்றாளர் பற்றிக் பீபிள்ஸ் 2001இல் இதைத் திருத்தினார்: கோப்பிக் காலத்திலேயே நிலையாகத் தங்கிவிட்டவர்கள் பொதுவாக எண்ணப்பட்டதைவிட அதிகம் என்பது அவர் வாதம். இந்தத் திருத்தத்தை ஏற்கவே வேண்டும். 'வந்துபோனவர்கள்' என்ற சொல்லாட்சி 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்துக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை நினைத்தால், பீபிள்ஸின் திருத்தம் வெறும் எண்ணிக்கைத் தகராறு அல்ல என்பது புரியும். அச்சட்டம் பல இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் பெரும்பாலோரை இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே பங்கிட்டது. எனினும் செடியின் இயல்பு பற்றிய பழைய விளக்கத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. குடியேற்றம் முன்பே தொடங்கியிருக்கலாம். அதை முழுக் குடும்பங்களின் நிரந்தர வாழ்வாக இறுக்கியது தேயிலையின் ஓயாத துளிர்ப்பே.

ஒரு செடியின் துளிர்ப்புக்கும் ஒரு சமூகத்தின் குடியுரிமைக்கும் இடையிலான இந்தத் தொடர்பைத் தாவரவியல் பூங்காவைவிடப் பொருத்தமான இடத்தில் விளக்க முடியாது. விளக்கவும் ஐந்து நிமிடம் போதும்.

பெயர்ப் பலகைகள்

உலாவில் அதிக நேரம் செலவாவது நினைவு மரங்களின் முன்னால். 1875இல் வேல்ஸ் இளவரசர், பின்னாளின் ஏழாம் எட்வர்ட், நட்ட அரச மரம். 1891இல் ரஷ்யாவின் கடைசிச் சக்கரவர்த்தியாகப் போகும் நிக்கலஸ் நட்ட நாக மரம். 1961இல் யூரி ககாரின் நட்ட மரம். 1901இல் பின்னாளின் ஐந்தாம் ஜோர்ஜும் மேரியும் நட்ட நாகலிங்கத்தின் அருகே எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். பீரங்கிக் குண்டுகளை ஒத்த காய்கள் அடிமரத்தில் காய்த்துத் தொங்க, இளஞ்சிவப்புப் பூக்கள் தண்டிலிருந்தே நேராக வெடித்துக் கிளம்புகின்றன. ஒரு பூவைக் கையில் எடுத்துப் பார்த்தால் மகரந்தத் தாள்கள் படமெடுத்ததுபோல் நடுமுடிச்சின் மேல் கவிந்திருப்பது தெரியும். தென் அமெரிக்காவின் இந்த மரம் சிவன் கோயில் முற்றங்களிலும் பௌத்த விகாரைகளிலும் புனித மரமாகிவிட்டது. நட்ட அரசரைவிட இந்தக் குடியேற்றமே எனக்கு ஆர்வமூட்டுகிறது. பேரரசு கொண்டுவந்த செடியை மக்கள் தம் வழிபாட்டுக்குள் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு எந்த ஆளுநரின் கட்டளையும் தேவைப்படவில்லை.

பெயர்ப் பலகை மரபில் வேறொரு குறையும் உண்டு. பூங்காவின் அறிவியலைத் தாளில் நிலைநிறுத்தியவர்களில் ஹரமானிஸ் டி அல்விஸ் முதன்மையானவர். 1823இலிருந்து 38 ஆண்டுகள் பூங்காவின் வரைஞராக இருந்தார். அவருக்குப் பின் அவர் மைந்தர்கள் அந்தப் பணியைத் தொடர்ந்தனர். உலர்த்திய மாதிரியில் நிறம் போய்விடும். இதழின் வளைவு தட்டையாகிவிடும். உயிருள்ள செடியை அருகிருந்து பார்த்து வரைந்த அவர்களுடைய படங்களில்தான் இரண்டும் தங்கின. ட்ரைமன் 1893 முதல் வெளியிட்ட இலங்கைத் தாவரக் கையேட்டோடு வந்த நூறு படத்தகடுகள் இந்தக் குடும்பத்தின் உழைப்பிலிருந்து பிறந்தவை. ஒரு சிறு ஓர்க்கிட் பேரினத்துக்கு அல்விசியா என்று பெயர் சூட்டித் தாவரவியலாளர்கள் அவரைச் சிறப்பித்தார்கள். பிற்கால வகைப்பாட்டில் அந்தப் பேரினம் வேறொன்றில் சேர்ந்து கரைந்தது. நான் நடந்த உலாக்களில் இந்தப் பெயரை எந்த வழிகாட்டியும் உச்சரித்துக் கேட்டதில்லை. இதை வழிகாட்டிகளின் குறையாகச் சொல்லவில்லை. அவர்களுக்குப் பயிற்சியில் கொடுக்கப்படும் பூங்கா, மரங்களும் ஆண்டுகளும் கொண்ட பூங்கா.

வேறொரு வழித்தடம்

உலாவை முற்றாக மாற்ற வேண்டும் என்று நான் வாதிடவில்லை. இரட்டைத் தேங்காயின் முன் பிள்ளைகள் வாய்பிளந்து நிற்பது நியாயமே. அந்த வியப்பிலிருந்துதான் தாவரவியலாளர்கள் உருவாகிறார்கள். நான் கேட்பது இருக்கும் நிறுத்தங்களில் வேறு கேள்விகளை. வாசனைத் திரவியத் தோட்டத்தில் கறுவா இலையைக் கசக்கியபின், காட்டிலிருந்து உரித்த பட்டை ஒல்லாந்தர் காலத்தில் எப்படித் தோட்டப் பயிரானது என்று தொடரலாம். ஒரு கோப்பிச் செடியின் இலையைத் திருப்பி, வார்ட் பார்த்த செம்மஞ்சள் பொடி எப்படி இருக்கும் என்று விளக்கலாம். ஆற்றங்கரையில் நின்று எதிர்க்கரையைக் காட்டி, பார்ன்ஸின் கோப்பித் தோட்டம் அங்கே இருந்தது, பூங்கா இங்கே காய்கறி விளைவித்துக்கொண்டிருந்தது என்று சொன்னால் போதும். அதிகாரம் எந்தக் கரையில் இருந்தது என்பது விளங்கிவிடும். 1944இல் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் போர்த் தலைமையகம் இதே பூங்காவில் இயங்கியதையும் அந்த இடத்திலேயே சேர்த்துச் சொல்லலாம்.

தனி உலாதான் இதற்கு ஏற்ற வடிவம். ஐம்பது பேர் கொண்ட கூட்டத்திடம் பூஞ்சணத்தைப் பற்றிப் பேச முடியாது. ஒருவரோ இருவரோ உடன் வரும்போது நிற்கலாம், திரும்பிப் போகலாம், கேட்ட கேள்விக்கு வேறொரு மரத்தடியில் பதில் சொல்லலாம். ட்ரைமன் ஹெக்கலுக்குச் செய்தது அதுதான். அன்று அது ஒரு சிலருக்கே கிடைத்த சலுகை.

இதற்கான மூலங்கள் கைக்கெட்டாதவை அல்ல. பூங்காப் பணிப்பாளர்கள் ஆண்டுதோறும் அரசுக்கு அளித்த அறிக்கைகள் இலங்கையின் நிருவாக அறிக்கைத் தொகுதிகளில் அச்சாகியுள்ளன. இதுவரை அவற்றை ஆராய்ந்தவர்கள் செடிகளின் வருகையையே தேடினார்கள். அதே பக்கங்களைச் சம்பளச் செலவுக்காகவும், பாத்தி வெட்டியவர்கள், பாதை போட்டவர்கள், கண்ணாடிப் பேழைகளை இறக்கிவைத்தவர்கள் ஆகியோரைப் பற்றிய குறிப்புகளுக்காகவும் ஆண்டு ஆண்டாக வாசிக்க வேண்டும். மலையக வரலாற்றை எழுதுவோர் தோட்டங்களின் பதிவுகளைப் புரட்டும் அதே கவனத்தோடு, பேராதனையின் பதிவுகளையும் எடுத்துக்கொள்ள வேண்டிய வேலை இது.